காதலிக்கும் வேர்க்கடலை

ஒரு வேர்க்கடலை ஆடிக்கொண்டிருக்கிறது. அதன் முகம் நிறையச் சிரிப்பு. சற்றுமுன் சந்தித்த பெண்ணைப் பற்றிப் பாடுகிறது. பாட்டைக் கேட்டாலே அவள்மேல் அதற்கு எவ்வளவு பைத்தியம் என்று தெரிந்துவிடும். நெதர்லாந்தைச் சேர்ந்த மாந்தே நியூலாண்ட், யோஸ் வான் பெர்கும் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இப்படி ஒரு குட்டிக் கதையைப் பதிவு செய்து, தலையில் மின்முனைகள் பொருத்தியவர்களைக் கேட்கவைத்தார்கள். கதையின் கடைசி வாக்கியம் இரண்டு விதமாக வரும். ஒன்றில் அது உப்புப் போட்ட வேர்க்கடலை. மற்றொன்றில் அது காதலில் விழுந்த வேர்க்கடலை.

உப்புப் போட்ட கடலை நாம் கடையில் வாங்கித் தின்று அறிந்த பொருள். காதலிக்கும் கடலை எங்கும் கிடையாது. ஆகவே காதல் என்ற சொல்லைக் கேட்டதும் மூளை திடுக்கிட வேண்டும். அந்தத் திடுக்கிடலை அளக்க ஒரு வழி உண்டு. வாக்கியத்தில் பொருந்தாத சொல் ஒன்று வந்தால், ஏறத்தாழ 400 மில்லிநொடியில் மூளையின் மின்னலையில் ஒரு சரிவு உண்டாகும். ரொட்டியில் காலுறையைத் தடவியதாக முடிகிற மாதிரி வாக்கியங்களைப் படிக்கவைத்து, மார்த்தா கூட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் 1980இல் இதைக் கண்டறிந்தார்கள். சொல் எவ்வளவுக்குப் பொருந்தவில்லையோ அவ்வளவுக்குச் சரிவு ஆழமாகும்.

2006இல் வெளியான வேர்க்கடலை ஆய்வில் ஆழமாக விழுந்த சரிவு உப்புக்குத்தான். காதல் என்ற சொல் தடையில்லாமல் உள்ளே போயிற்று. நாலைந்து வாக்கியம் கேட்டதற்குள், வாழ்நாளெல்லாம் தின்று அறிந்த கடலை பின்னால் போய், பாடும் கடலை முன்னால் வந்துவிட்டது. அதே ஆய்வின் இன்னொரு பகுதியில் ஒரு படகு மனநல ஆலோசகரிடம் வந்து தன் கஷ்டத்தைச் சொல்கிறது. படகு என்று முதல்முறை காதில் விழுந்தபோது மூளை திடுக்கிட்டது. கதை நகர நகர அந்தத் திடுக்கிடல் தேய்ந்து மறைந்தது.

ஒரு கதை உண்மையாக இருக்கிறதா என்று சொல்லும்போது, கதையை உலகத்தோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத்தான் சொல்கிறோம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆய்வுகள் காட்டுவது வேறொன்று. பெரும்பாலான நேரம் நாம் ஒப்பிடுவதே இல்லை. ஏதாவது இடறினால்தான் ஒப்பிடத் தொடங்குகிறோம். எது இடறும் என்பது நமக்கு ஏற்கெனவே எவ்வளவு தெரியும் என்பதையும், முதல் சில நிமிடங்களில் கதை நம்மோடு செய்துகொண்ட உடன்பாட்டையும் பொறுத்தது. நமக்குத் தெரியாத இடத்தில் எதுவும் இடறாது. அந்த இடத்தில் கதை சொல்வதெல்லாம் மெய்யாகவே தெரியும். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த இடத்தைப் பற்றியதுதான்.

உடன்பாடு என்பது தமிழுக்குப் பழகிய எண்ணம். அகப்பாட்டின் நெறியைச் சொல்லவந்த தொல்காப்பியர் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்று இரண்டைக் குறிப்பிட்டு, இரண்டும் கலந்ததே பாட்டுக்கு உரியது என்கிறார். சுவையானவற்றையெல்லாம் ஓரிடத்தில் நடந்தவைபோலத் தொகுத்துச் சொல்வது நாடக வழக்கு, உலகத்தார் நடந்துகொள்ளும் விதத்தோடு ஒத்துவருவது உலகியல் வழக்கு என்று இளம்பூரணர் உரை பிரித்துக் காட்டுகிறது. குறிஞ்சிக் காதலர்கள் குளிர்ந்த கூதிர் காலத்தில், நள்ளிரவில் சந்திப்பது நாடக வழக்கு. அவன் வரும் மலைப்பாதையில் யானை நிற்குமோ என்று அவள் கலங்குவது உலகியல் வழக்கு. எல்லாக் காதலும் நள்ளிரவில்தானா என்று எந்தப் புலவரையும் யாரும் மடக்கியதாகத் தெரியவில்லை. இன்று கோயம்புத்தூரில் கண்ணோடு கண் பார்த்தவர்கள் மறுகணம் சுவிட்சர்லாந்துப் பனியில் ஆடும்போதும் ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் பாட்டு முடிந்து, கதாநாயகி காந்திபுரத்தில் ஏறும் பேருந்தின் எண் தப்பாக இருந்தால் கோயம்புத்தூர்த் திரையரங்கில் முணுமுணுப்பு எழும். பனியில் ஆட்டம் உடன்பாட்டில் இருக்கிறது. பேருந்து எண் உடன்பாட்டில் இல்லை, அது உலகியல்.

அமெரிக்க ஊடக ஆய்வாளர் ஆலிஸ் ஹால் இதை நேரடியாகப் பார்வையாளர்களிடமே கேட்டுப் பார்த்தார். இளைஞர்களைக் குழுக்களாக உட்காரவைத்து, எந்தப் படம் உண்மையாகப் பட்டது, எந்தத் தொடர் படவில்லை, ஏன் என்று பேசவிட்டார். உண்மைத்தன்மை என்பதை ஒற்றை அளவாகக் கொண்டு, இது எவ்வளவு உண்மை என்று மதிப்பெண் கேட்கும் வழக்கம் ஆய்வாளர்களிடம் இருந்தது. 2003இல் வெளிவந்த ஹாலின் ஆய்வு, பார்வையாளர்கள் கையில் ஆறு அளவுகோல்கள் இருப்பதைக் காட்டியது.

அந்த ஆறையும் படம் விட்டு வெளியே வரும் கூட்டத்தில் நின்றால் நம் காதாலேயே கேட்கலாம். "இப்படியெல்லாம் எங்கயாவது நடக்குமா?" என்று ஒருவர். நடக்க வாய்ப்புண்டா என்பது அவருடைய கேள்வி. "எங்க ஊர்ல யாரும் இப்படிப் பேச மாட்டாங்க" என்று இன்னொருவர்; நடந்தாலும் அது வழக்கமா என்பது அவர் கணக்கு. "நெசமா நடந்த கதையாம்ல" என்பவருக்குச் சான்றுதான் முக்கியம். "அடிபட்டது இடது காலு, நொண்டுறது வலது காலு" என்பவர் கதை தனக்குத்தானே முரண்படுவதைப் பிடித்துவிட்டார். லாஜிக் இடிக்குது என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். "கிராபிக்ஸுன்னு பச்சையா தெரியுது" என்பவருடைய கண் ஏமாற மறுத்துவிட்டது. "எனக்கு அழுகையே வந்துருச்சு" என்று ஒரு பெண் சொல்கிறார். அதுவும் உண்மைத்தன்மையைப் பற்றிய தீர்ப்புதான். மற்ற ஐந்தையும்விட வலிமையான தீர்ப்பு என்றே நான் நினைக்கிறேன்.

ஒரே ஆள் படத்துக்குப் படம் அளவுகோலை மாற்றிக்கொள்வார். யட்சிக் கதைக்கு முதல் அளவுகோலை யாரும் கையில் எடுப்பதில்லை. நாயகன் ஒற்றை ஆளாக இருபது பேரைப் பறக்கவிடும் படத்திலும் அதற்கு வேலை இல்லை. போலீஸ் நிலையத்தை உள்ளபடி காட்டுவதாகச் சொல்லிக்கொண்டு வரும் படத்தில், காவலரின் தோள்பட்டையில் ஒரு பட்டி கூடியிருந்தாலும் விடமாட்டோம்.

அளவுகோல்கள் ஒன்றையொன்று வெட்டவும் செய்யும். பாரதிராஜாவின் முதல் படமான ‘16 வயதினிலே’ 1977இல் வந்தபோது, ஸ்டுடியோவுக்குள் போட்ட ஓலைக்குடிசைகளையே கிராமமாகப் பார்த்துப் பழகிய தமிழர்கள் நிஜமான வெயிலையும் நிஜமான வயல்வரப்பையும் பார்த்தார்கள். எங்கள் ஊர் திரைக்கு வந்துவிட்டது என்று கொண்டாடினார்கள். படப்பிடிப்பு பெரும்பாலும் நடந்தது கர்நாடகத்தில், மைசூர், கொள்ளேகால் பக்கம். சான்று என்ற அளவுகோலில் அது தமிழ்க் கிராமமே அல்ல. வழக்கம் என்ற அளவுகோலில், கண்ணும் காதும் நம்பும் அளவுகோலில், அதைவிடத் தமிழான கிராமம் அதுவரை திரையில் வந்ததில்லை. பார்வையாளர்கள் ஏமாந்தார்கள் என்று இதைச் சொல்லக் கூடாது. படத்தின் பாத்திரங்களான மயிலையும் சப்பாணியையும் பற்றி அவர்கள் அறிய விரும்பியதற்கும் வரைபடத்தில் அந்த ஊர் எங்கே இருக்கிறது என்பதற்கும் தொடர்பில்லை.

சான்று என்ற அளவுகோலுக்கு இன்னொரு குணம் உண்டு. அது முறியும்போது கோபம் வரும். மற்றவை முறிந்தால் சலிப்பு மட்டுமே வரும். 1938 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் ஆர்சன் வெல்ஸ், எச். ஜி. வெல்ஸின் செவ்வாய்க் கிரகப் படையெடுப்பு நாவலைச் செய்தி அறிக்கை வடிவில் வானொலி நாடகமாக்கினார். நாடே பீதியில் ஓடியதாக மறுநாள் பத்திரிகைகள் எழுதின. அவை மிகைப்படுத்தி எழுதின என்று பின்னாளைய வரலாற்றாளர்கள் நிறுவியிருக்கிறார்கள். ஆனால் 1949 பிப்ரவரியில் ஈக்வடாரின் தலைநகர் கீட்டோவில் அதே கதை உள்ளூர்ப் பெயர்களோடு, செய்திபோலவே ஒலிபரப்பானபோது நடந்தது மிகையல்ல. தெருவுக்கு ஓடிவந்தவர்கள் அது நாடகம் என்று அறிந்ததும் வானொலி நிலையம் இருந்த கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். உயிர்கள் போயின. செவ்வாய்க்காரர்கள் வந்ததை நம்பியதற்காக அல்ல, செய்தி என்ற உடன்பாட்டை மீறியதற்காகவே அந்தத் தீ.

அழுகைக்கு வருவோம். 1980களின் தொடக்கத்தில், டெக்சாஸ் எண்ணெய்ப் பணக்காரக் குடும்பம் ஒன்றின் சண்டை சச்சரவுகளைக் காட்டும் ‘டாலஸ்’ என்ற அமெரிக்கத் தொடர் உலகமெங்கும் ஓடிக்கொண்டிருந்தது. நெதர்லாந்தில் இயென் ஆங் என்ற ஆய்வாளர் ஒரு பெண்கள் இதழில் சிறு விளம்பரம் கொடுத்தார். எனக்கு டாலஸ் பிடிக்கிறது, சொன்னால் பிறர் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள், உங்களுக்கு எப்படி என்று எழுதுங்கள் என்பது அதன் சாரம். 42 பதில்கள் வந்தன. தொடரை வெறுத்தவர்கள் அது துளியும் உண்மையில்லை என்று எழுதினார்கள்: யாரிடம் இவ்வளவு பணம் இருக்கிறது, எந்தக் குடும்பத்தில் இத்தனை விபத்தும் துரோகமும் நடக்கும்? விரும்பியவர்கள் அது வாழ்க்கையேதான் என்று எழுதினார்கள். இரண்டு தரப்பும் பார்த்தது ஒரே காட்சிகளைத்தான்.

ஆங் இதற்கு உணர்ச்சி சார்ந்த யதார்த்தம் என்று பெயர் கொடுத்தார். மாளிகையும் எண்ணெய்க் கிணறும் விரும்பியவர்களின் கண்ணில் மேற்பூச்சு. அதன் கீழே, கூடவே இருப்பவர்களால் காயப்படுவது, சொல்ல முடியாமல் விழுங்குவது, மகிழ்ச்சி வந்த மறுநாளே பறிபோவது ஆகியவை அவர்களுக்குத் தெரிந்தவை. நம் வீடுகளில் இரவு எட்டு மணித் தொடரைப் பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பட்டுச்சேலையும் முழு நகையுமாக எந்த மாமியாரும் தூங்கப்போவதில்லை என்பது பார்க்கும் பெண்ணுக்குத் தெரியும். சமையலறையில் எல்லோர் முன்னாலும் அவமானப்பட்ட மருமகளின் முகம் பொய்யில்லை என்பதும் தெரியும். தொடர் பார்ப்பவர்களைப் பகுத்தறிவற்றவர்களாகப் பேசுகிற பழக்கம் நம்மிடையே படித்தவர்களிடம் அதிகம். அவர்கள் தவறான அளவுகோலால் அளக்கிறார்கள். பார்ப்பவர் எதை எடை போடுகிறார் என்று கேட்கக்கூட அவர்கள் நிற்பதில்லை.

டாலஸ் தொடரையே வைத்து டமார் லீப்ஸும் எலிஹு கட்ஸும் இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் செய்த ஆய்வு இதை இன்னும் ஒரு படி எடுத்துச் சென்றது. நண்பர்களை ஒரு வீட்டுக் கூடத்தில் கூட்டி, தொடரைப் பார்க்கவைத்து, பின்பு பேசவைத்தார்கள். அரபுகளும் மொராக்கோவிலிருந்து வந்த யூதர்களும் நடந்ததை நடந்தபடி, தெரிந்த குடும்பத்தின் கதைபோல எடுத்துச் சொன்னார்கள். ரஷ்யாவிலிருந்து குடியேறியவர்கள் இதைக் காட்டுவதன் உள்நோக்கம் என்ன என்று தேடினார்கள். அரசு ஊடகத்தோடு வாழ்ந்து பழகியவர்களுக்கு அந்தச் சந்தேகம் இயல்பு. அமெரிக்கர்கள் பாத்திரங்களின் மனத்தையும் தயாரிப்பாளரின் தொழில் நெருக்கடிகளையும் பற்றிப் பேசினார்கள்.

இதுவரை சொன்ன தீர்ப்புகளெல்லாம் பார்த்து முடித்த பிறகு வருபவை. பார்க்கும்போதே உள்ளே என்ன நடக்கிறது?

ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் 1817இல் சொன்ன விளக்கம் இலக்கிய வகுப்புகளில் இன்றும் நிற்கிறது: வாசகர் தம் அவநம்பிக்கையை மனமுவந்து சிறிது நேரம் ஒத்திவைக்கிறார். அதாவது சந்தேகம்தான் இயல்புநிலை, நம்புவதற்கு முயற்சி வேண்டும். உளவியலாளர் டேனியல் கில்பர்ட் 1990களின் தொடக்கத்தில் இதைத் தலைகீழாக்கினார். ஒரு செய்தியைப் புரிந்துகொள்வதும் அதை நம்புவதும் ஒரே செயல். சந்தேகம் அதற்குப் பிறகு தனியாக வரும் இரண்டாவது வேலை என்பது அவர் வாதம். தத்துவ அறிஞர் ஸ்பினோசா 17ஆம் நூற்றாண்டில் நினைத்ததும் இதுதான். கில்பர்ட் தம் சோதனைகளில் சில வாக்கியங்களைக் காட்டி, சற்றுக் கழித்து இது மெய், இது பொய் என்று அறிவித்தார். இடையில் கவனத்தைத் திருப்ப வேறொரு வேலை கொடுத்தபோது, பொய் என்று சொல்லப்பட்டவற்றையும் மெய் என்று நினைவில் வைத்திருந்தவர்கள் அதிகமானார்கள். மெய்யைப் பொய்யாக நினைவு வைத்தது அந்த அளவுக்குக் கூடவில்லை. கவனம் சிதறினால் சந்தேகம்தான் முதலில் கழன்று விழுகிறது.

குழந்தைகளிடம் இதன் தொடக்கத்தைப் பார்க்கலாம். ஜான் ஃபிளேவெலும் அவருடைய குழுவினரும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், தொலைக்காட்சியில் தெரிந்த பாப்கார்ன் கிண்ணத்தைக் காட்டி, பெட்டியைத் தலைகீழாகப் பிடித்தால் பாப்கார்ன் கொட்டுமா என்று கேட்டார்கள். மூன்று வயதுக் குழந்தைகள் பலர் கொட்டும் என்றார்கள். நான்கு வயதினர் பெரும்பாலும் கொட்டாது என்றார்கள். சந்தேகம் கற்றுக்கொண்டு வருவது. நம்பிக்கை அதற்கு முன்பே இருப்பது.

ஆக, கதை ஓடும்போது நாம் நீதிபதியாக உட்கார்ந்திருப்பதில்லை. ரிக் பசெலும் ஹெலேனா பிலான்ட்சிச்சும் 2008இல் முன்வைத்த கோட்பாடு இதைத் தெளிவாக்கியது. கேட்பவர் தம் மனத்தில் கதையின் உலகத்தைக் கட்டிக்கொண்டே போகிறார்: இங்கே யார் இருக்கிறார்கள், எது முடியும், எது முடியாது. புதிதாக வரும் ஒவ்வொன்றும் அந்தக் கட்டடத்தில் பொருந்தும்வரை உண்மையா என்ற கேள்வியே எழாது. பொருந்தாத ஒன்று வரும்போது கட்டும் வேலை நிற்கிறது. அப்போதுதான் நாம் கதையிலிருந்து வெளியே வந்து நாற்காலியை, பக்கத்து இருக்கைக்காரரை, கைபேசியை உணர்கிறோம். கற்பனை என்பதால் மட்டும் ஒன்று இடறுவதில்லை. 2019 மே மாதம் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் விருந்துக் காட்சி ஒன்றில், படப்பிடிப்பின்போது யாரோ விட்டுவிட்டுப்போன காபிக் கோப்பை மேசைமேல் தெரிந்தது. நெருப்புக் கக்கும் டிராகன்களை எட்டு ஆண்டுகள் ஏற்றுக்கொண்ட மக்கள் அந்தக் கோப்பையைப் பற்றி வாரக்கணக்கில் பேசினார்கள். டிராகன் அந்த உலகத்தின் குடிமகன். கோப்பைக்கு அங்கே இடமில்லை.

இதிலிருந்து ஒரு சங்கடமான முடிவு வருகிறது. கதைக்குள் எவ்வளவு ஆழமாகப் போகிறோமோ அவ்வளவு குறைவாகவே இடறுவோம். மெலனி கிரீனும் டிமத்தி பிராக்கும் 2000இல் இதைச் சோதித்தார்கள். கடைவளாகம் ஒன்றில் ஒரு சிறுமியை மனநோயாளி ஒருவன் கத்தியால் குத்திக் கொல்லும் கதையை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். பொய் சொன்னால் மூக்கு நீளும் பினோக்கியோவைப் போல எழுத்தாளர்களும் பொய்யின் தடயத்தை விட்டுவிடுவார்கள், பொய்யாகப் படும் இடங்களை வட்டமிடுங்கள் என்றார்கள். கதையில் ஆழ்ந்துபோனவர்கள் குறைவாகவே வட்டமிட்டார்கள். அதோடு நிற்கவில்லை. அவர்களே கடைவளாகங்கள் ஆபத்தானவை, மனநோயாளிகளின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற கருத்துகளின் பக்கம் அதிகம் சாய்ந்திருந்தார்கள். கதையின் மேல் செய்தி என்று எழுதியிருந்ததா, புனைவு என்று எழுதியிருந்ததா என்பதால் பெரிய வேறுபாடு வரவில்லை. மனநோயோடு வாழும் ஒருவரையோ அவருடைய குடும்பத்தையோ அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்த முடிவு எவ்வளவு கனமானது என்று தெரியும். புனைவுதானே என்ற சமாதானம் அவர்களைக் காப்பாற்றாது.

தெரிந்த இடத்தில் மட்டும் விழிப்போடு இருப்போமா? டெபோரா பிரென்டிஸ், ரிச்சர்ட் கெரிக் முதலியோர் 1997இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பிரின்ஸ்டன், யேல் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஒரு கதை. சிலருக்குக் கதை தம் பல்கலைக்கழகத்தில் நடந்தது, சிலருக்கு அடுத்ததில். பாத்திரங்கள் பேச்சுவாக்கில் மனநோய் தொற்றும் என்பது போன்ற தவறான செய்திகளைச் சொல்வார்கள். அடுத்த பல்கலைக்கழகத்துக் கதையைப் படித்தவர்கள் அவற்றின் பக்கம் சாய்ந்தார்கள்; தம் வளாகத்துக் கதையைப் படித்தவர்கள் அப்படிச் சாயவில்லை. அழகான முடிவு, ஆனால் முழுதும் நிலைக்கவில்லை. 1999இல் ஒஹையோவில் இதே சோதனையைத் திரும்பச் செய்தபோது, சொந்த வளாகத்துக் கதையைப் படித்தவர்களும் சாய்ந்தார்கள். ஊர் தெரிந்திருப்பது மட்டும் போதாது என்றே நான் இதைப் படிக்கிறேன். பேருந்து எண்ணைப் பிடித்துவிடும் கோயம்புத்தூர்க்காரர், அந்தப் பேருந்தில் மயங்கி விழுந்தவருக்குச் செய்யும் தவறான முதலுதவியைப் பிடிக்கமாட்டார். அதற்கு வேண்டிய அறிவு வேறு.

அந்த அறிவு இருந்தாலும்கூட ஆபத்து முழுதாக நீங்குவதில்லை. எலிசபெத் மார்ஷும் அவரோடு சேர்ந்தவர்களும் 2003இல் வெளியிட்ட சோதனைகளில், சிறுகதைகளுக்குள் தவறான பொது அறிவுச் செய்திகளை நுழைத்தார்கள். பிறகு தனியே வைத்த தேர்வில் வாசகர்கள் அந்தத் தவறுகளையே விடையாக எழுதினார்கள். பலர் இந்த விடை தங்களுக்கு முன்பே தெரியும் என்றும் எண்ணினார்கள். கதை தந்தது கதையின் முத்திரையோடு நினைவில் தங்குவதில்லை; சொந்த அறிவாக மாறித் தங்குகிறது.

தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த யாருக்கும் பாம்புக்கடிக் காட்சி தெரியும். நாயகியின் காலில் பாம்பு கடிக்கிறது. நாயகன் துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டுகிறான், கத்தியால் கீறுகிறான், வாயை வைத்து நஞ்சை உறிஞ்சித் துப்புகிறான். அவள் கண் திறக்கிறாள். லாஜிக் இடிக்குது என்று திரையரங்கில் ஒரு குரலும் எழாது. இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது மூன்றையும் செய்யக் கூடாது என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வைத்து, பதறாமல் பார்த்துக்கொண்டு, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நஞ்சை முறிப்பது அங்கே ஏற்றும் நச்சுமுறி மருந்து. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்ததாக 2020இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. இந்தச் சாவுகளுக்குச் சினிமா காரணம் என்று நான் சொல்லவில்லை. மருத்துவமனை தொலைவில் இருப்பதும் ஏழ்மையும்தான் பெரிய காரணங்கள். ஆனால் கத்தியை எடுக்கலாம் என்று ஒருவருக்கு அந்தப் பதற்றத்தில் தோன்றினால், அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத்தான் வேண்டும்.

மருத்துவத்தில் இந்த இடைவெளியை எண்களால் அளந்தும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1969இல் தொடங்கிய ‘மார்கஸ் வெல்பி எம்.டி.’ என்ற தொடரில் டாக்டராக நடித்தவர் ராபர்ட் யங். முதல் ஐந்து ஆண்டுகளில் அந்த டாக்டருக்கு இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன, அவற்றில் பெரும்பாலானவை மருத்துவ ஆலோசனை கேட்டவை என்று ஜார்ஜ் கெர்ப்னரும் லாரி கிராஸும் 1976இல் எழுதினார்கள்.

அடுத்த தலைமுறைத் தொடர்களை சூசன் டீம், ஜான் லாண்டோஸ், ஜேம்ஸ் டல்ஸ்கி என்ற மூன்று மருத்துவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். நின்ற இதயத்தை, நெஞ்சை அழுத்தி மீண்டும் இயக்கும் சிபிஆர் முயற்சி திரையில் எப்படி முடிகிறது என்பது அவர்கள் கேள்வி. 97 பகுதிகளில் 60 முயற்சிகள். 75 விழுக்காட்டினர் அப்போதைக்குப் பிழைத்தார்கள். 67 விழுக்காட்டினர் வீடு திரும்பியதாகவே தெரிந்தது. அந்தக் காலத்து மருத்துவ ஆய்வுகளில் மருத்துவமனைக்குள் இதயம் நின்றவர்களில் வீடு திரும்பியவர்கள் 6.5 முதல் 15 விழுக்காடுதான். திரையில் இதயம் நின்றவர்களில் பெரும்பாலோர் குழந்தைகளும் இளைஞர்களும். மருத்துவமனையில் பெரும்பாலோர் முதியவர்கள். ஆய்வு 1996இல் வெளியானது.

அவர்கள் பார்த்த மூன்று நிகழ்ச்சிகளில் ‘ஈஆர்’, ‘சிகாகோ ஹோப்’ இரண்டும் புனைவு. அவற்றில் மூன்றில் ஒருவராவது இறந்துபோனார்கள். மூன்றாவது, ‘ரெஸ்க்யூ 911’, மெய்யாக நடந்த மீட்புச் சம்பவங்களை மீண்டும் நடித்துக் காட்டும் நிகழ்ச்சி. அதில் சிபிஆர் செய்யப்பட்ட அத்தனை பேரும் பிழைத்தார்கள். காட்டிய சம்பவங்கள் மெய்யானவை. பிழைக்காதவர்களின் கதையை எடுக்காததால் மொத்தம் மெய்க்கு வெகுதூரம் போய்விட்டது. மூன்றில் புனைவே மெய்க்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருந்தது. நெசமா நடந்த கதையாம் என்ற அந்த அளவுகோல் எதை அளக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

தீவிரச் சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே, அப்பாவுக்கு இனி என்ன செய்யட்டும் என்று மருத்துவர் கேட்கும்போது, ஒரு குடும்பத்தின் மனத்தில் ஓடுவது இத்தகைய காட்சிகள்தான். வேறு காட்சி அவர்களிடம் கிடையாது. அங்கே எதுவும் இடறியதில்லை. விலா எலும்பு முறியலாம், மூச்சுக்குழாய் போட நேரலாம், கண் திறந்தாலும் பழைய அப்பாவாக இல்லாமல் போகலாம் என்பதை எந்தத் தொடரும் அவர்களுக்குக் காட்டியிருக்காது.

அந்த இடத்தில் ஒரே ஒரு எண்ணைச் சொன்னால் என்ன ஆகும் என்று டொனால்ட் மர்ஃபியும் உடன் பணியாற்றியவர்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. 287 முதிய நோயாளிகளிடம் கேட்டார்கள்: திடீர் நோயில் மருத்துவமனையில் இருக்கும்போது உங்கள் இதயம் நின்றால் சிபிஆர் வேண்டுமா? 41 விழுக்காட்டினர் வேண்டும் என்றார்கள். பிறகு, அப்படிச் செய்யப்பட்டவர்களில் 10 முதல் 17 விழுக்காட்டினரே வீடு திரும்புகிறார்கள் என்று விளக்கிவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார்கள். இந்த முறை வேண்டும் என்றவர்கள் 22 விழுக்காடு.